கட்சாலுக்கு மேற்கே ஒரு வட்டம்

வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. துறைமுகத்தில் மட்டும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது.

போர்ட் பிளேர் வானிலை அலுவலகத்தில் அதிகாரி பக்தவத்சலம் நேற்றைய வரைபடத்தை விரித்துவைத்துக் கொதித்துக்கொண்டிருந்தார். எதிரே சந்திரமதி நின்றாள். காற்றழுத்தம் ஒரே அளவாக உள்ள இடங்களைக் கோடு போட்டு இணைப்பது அவள் வேலை. எட்டு வருஷத்தில் ஒரு கோடு பிசகியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் நேற்று அவரும் சரியாகப் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டுத் தொலைத்திருந்தார்.

கட்சால் தீவுக்கு மேற்கே அவள் போட்ட ஒரு வட்டத்தால் வந்தது இத்தனை வினையும். அங்கே வட்டம் விழுந்தால் புயல் சின்னம் என்று அர்த்தம். அதை நம்பி, கட்சாலுக்குப் போகவேண்டிய கப்பலை நிறுத்திவிட்டார்கள். அங்குள்ள ரப்பர் தோட்டத்தில் குடியேற சிலோனிலிருந்து வந்த நாற்பது குடும்பங்கள் நேற்றிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு ஜெட்டி ஷெட்டில் வாடுகின்றன. மேலிடத்திலிருந்து அவருக்குக் காலையிலேயே நல்ல டோஸ்.

"பக்கத்துத் தீவு நான்கவுரி ரீடிங் நார்மல். கார்நிகோபாரும் நார்மல். அப்புறம் எதை வெச்சும்மா வட்டம் போட்டே?"

அவள் வரைபடத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டாள்.

மற்றக் கோடுகளைப் பத்து முறை அழித்து அழித்துத் திருத்துகிறவள், இதை மட்டும் ஒரே இழுப்பில் போட்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் வந்தது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கும் அவள் புருஷன் ஜம்புலிங்கம், நேற்று மதியம் வந்து ஜன்னலோரம் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனதை அவர் மறக்கவில்லை. வீட்டுக் கவலையோடு உட்கார்ந்தால் கோடு இப்படித்தான் போகும் என்று திட்டித் தீர்த்தார்.

கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் இன்றைக்கே சஸ்பெண்ட் என்று வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

அவள் தாளை அவர் பக்கமே தள்ளினாள். "அப்படி எழுத மாட்டேன் சார். நல்லா யோசிச்சுத்தான் போட்டேன். வேலை போனா போகட்டும்."

என்ன திமிர் என்று அவர் எழுந்தபோது போன் அடித்தது. ஹார்பரிலிருந்து பேசினார்கள்.

"சாப், ஜஹாஸ் டூப் கயா."

கட்டிப்போட்ட இடத்திலேயே அடித்தகடு பிளந்து, தண்ணீர் புகுந்து, கட்சால் கப்பல் மூழ்கிவிட்டதாம். மாலுமிகள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். நாற்பது குடும்பங்களும் ஷெட்டில் பத்திரமாக இருந்தன.

பக்தவத்சலம் ஜன்னல் வழியே பார்த்தார். தென்னங்கீற்று அசையவில்லை.

"காத்தே இல்லையேம்மா," என்றார். "அப்ப அந்தப் புயல்?"

"கப்பல்ல ஓட்டைன்னு எங்க வீட்டுக்காரர் மூணு தடவை எழுதிக் குடுத்தாரு. யாரும் காதுல போட்டுக்கல." சந்திரமதி அழிரப்பரை எடுத்து அந்த வட்டத்தை நிதானமாக அழித்தாள்.

"புயல்னாத்தானே சார் நிறுத்துறீங்க."