காயமில்லாத மூன்று வருடங்கள்

வாவிக்கரை மர ஆலையில் மூன்று வருடமாக ஒரு காயம்கூடப் பதிவாகவில்லை. அரிசிக்கு அல்லாடிய அந்தக் காலத்தில், காயமில்லாத மாதத்துக்கு எல்லோருக்கும் அரிசி என்ற திட்டம் மேலாளர் ஹெக்டருடையது. அந்த வெற்றியைப் புள்ளிவிபரத்தோடு பல்கலைக்கழகப் பட்டத்துக்கு ஆய்வாகவே எழுதிவிட்டார்.

“எண்கள் மட்டும் போதாது, தொழிலாளியின் வாய்ச்சொல்லும் வேண்டும்” என்று பேராசிரியர் திருப்பி அனுப்பினார்.

மரம் அறுக்கும் வாள் பிடிக்கும் கோணாமலை வந்து கைகட்டி நின்றார்.

“வேலையில ஏதும் குறை இரிக்கா?”

“ஒரு கொறையுமில்ல ஐயா.”

அதை எழுதிக்கொண்ட ஹெக்டர் மைப்பெட்டியை நீட்டினார். “இடது பெருவிரல வெச்சிட்டுப் போங்க.”

கோணாமலை தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். பெருவிரல் இருந்த இடத்தில் தழும்புதான் இருந்தது.

“காயமெண்டு எழுதினா எல்லார்ர அரிசியும் போயிருமே ஐயா” என்றார். “மத்தக் கையில விரல் இரிக்கி. அத வெக்கட்டா?”