சிகிச்சைக் குளத்தில் ஒரு வேவு

"முங்குடி! முங்குன்னா முங்கு!"

குளத்தின் விளிம்பில் குந்தியிருந்த அம்மா, மகளின் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள். முதுகு வளைந்தவர்களுக்கும் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் வெதுவெதுப்பான நீரில் பயிற்சி கொடுக்கும் குளம் அது. மூக்கில் தண்ணீர் ஏறி, மகள் தும்மலோடு எழுந்தாள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"கத்தாதே. கண்ணாடிக் கதவுப் பக்கம் பாரு. போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்துட்டுப் போனாங்களே, அந்தப் பையனோட அம்மா! மகாராணி பெஞ்சுல வந்து உட்கார்ந்திருக்கா."

மகள் கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டாள். பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. ஆனால் அவளுடைய முதுகுத்தண்டு நெளிந்திருக்கும் விஷயத்தை அம்மா அந்த வீட்டாரிடம் மூச்சு விடவில்லை. தொளதொளவென்று ஒரு சட்டையை மாட்டிவிட்டு, சுவரோரமாக உட்காரவைத்துக் காட்டி, வந்தவர்களை அனுப்பிவிட்டாள்.

"அன்னைக்கே சொல்லிடலாம்னு கெஞ்சினேனேம்மா!"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்லுவாங்க. நான் ஒண்ணுகூடச் சொல்லல. அவங்க கேட்கல, நான் சொல்லல. யாரோ வத்தி வச்சிருக்காங்க, வேவு பார்க்க வந்துட்டா."

"அவங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையேம்மா."

"உனக்கு என்னடி தெரியும்? அன்னைக்குக் காபி எதிர்ல டீப்பாய் மேலதானே இருந்துச்சு? துரை குனிஞ்சு எடுத்தாரா? அம்மாக்காரி எடுத்துக் கையில குடுக்கிறா! கல்யாண வயசுல ஒரு பச்சைக் குழந்தை! அந்தத் திமிரு பிடிச்ச குடும்பத்துக்கு உன் முதுகு தெரிஞ்சா ஊர் பூரா தண்டோரா போட்டுடுவாங்க."

அந்தத் திமிரு பிடிச்ச குடும்பத்துக்குப் பெண்ணைக் கொடுக்கத்தான் அம்மா தலைகீழாக நின்று கொண்டிருந்தாள். பையனுக்குப் பெரிய வேலை, சொந்த வீடு. கசக்குமா என்ன?

தெரபிஸ்ட் பெண் நீந்தி வந்தாள். "அம்மா, தலையை அமுக்காதீங்க. மல்லாந்து மிதக்கட்டும், அப்பதான் முதுகு தளரும். சீக்கிரம் முடிக்கணும், அடுத்து ஆம்பளைங்க நேரம்."

"நீ ஒருத்தி, நேரங்காலம் தெரியாம!" என்று அம்மா எரிந்து விழுந்தாள்.

அதற்குள் பெஞ்சில் இருந்தவள் பார்த்துவிட்டாள். விருட்டென்று எழுந்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, நேராக இவர்களை நோக்கி நடந்து வந்தாள். முகம் இறுகிக் கிடந்தது.

முந்திக்கொண்டவள்தான் பிழைப்பாள் என்பது அம்மாவின் சித்தாந்தம். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

"அடடே, நீங்களா! வாங்க, வாங்க! என் பொண்ணு ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு சேவையா இங்க வர்றா. கூனல் விழுந்தது, முதுகைக் கிழிச்சுத் தச்சதுன்னு பாவப்பட்ட ஜனங்க வருதுங்கல்ல? அதுங்களுக்கெல்லாம் இவதான் பயிற்சி குடுக்கிறா."

மகள் தண்ணீருக்குள்ளேயே தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவா நிறுத்துகிறவள்?

"இங்க வர்ற ஒவ்வொருத்தர் கதையும் இவளுக்கு அத்துப்படி. யாருக்கு எத்தனை வருஷமா, எந்த எலும்புல கோளாறுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒண்ணு விடாம ஒப்பிச்சுடுவா!"

வந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து, அம்மாவின் காதருகே கேட்டாள்.

"அப்போ... என் பையன் முதுகுல கம்பி வச்சிருக்கிறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"