மெக்கானிக்குக்கு வந்த மெமோ

அநியாயம் நடந்தது முப்பத்தொரு பேருக்கு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் தஞ்சம் தேடி வந்தவர்களை ரோந்துக் கப்பல் நடுக்கடலிலேயே மறித்தது. நின்றுபோயிருந்த எஞ்சினைப் பழுதுபார்த்துக் கொடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டது.

பழுதுபார்த்துக் கொடுத்த புண்ணியவான், அந்தக் கப்பலின் மெக்கானிக்கான அவளுடைய அப்பா. சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும் மகளுக்குச் சண்டை போட வேறென்ன வேண்டும்?

"எஞ்சின் நின்னுபோன படகு, ஆபத்துல இருக்கற படகுப்பா. காப்பாத்திக் கரை சேர்க்கணும். அதுதான் சட்டம். கரைக்கு வந்துட்டா அவங்க சொல்றதை விசாரிச்சே ஆகணும். அந்தத் தொல்லையே வேண்டாம்னுதான் உங்க கேப்டன் உங்க கையில ஸ்பேனரைக் கொடுக்கறார். புரியுதா இல்லையா?"

"தண்ணி எடு" என்றார் அப்பா.

"பாரும்மா. சுவர்கிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்."

"அந்த மனுஷன் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும்டி. உன் கோர்ட்டை அப்புறம் கூட்டு" என்றாள் அம்மா.

மூன்று வாரம் கழித்து இன்னொரு படகு. பத்தொன்பது பேர். அதிலும் எஞ்சின் நின்றிருந்தது. அப்பா இறங்கினார், கழற்றினார், நாலு மணி நேரம் திருப்பித் திருப்பி மாட்டினார். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. காற்று வலுத்ததும், கேப்டன் வேறு வழியில்லாமல் படகைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துவந்தார்.

மறுநாளே மெமோ. 'சாதாரண டீசல் எஞ்சினைக்கூடச் சரிசெய்யத் தெரியாத உங்களை, தலைமை மெக்கானிக் பதவிக்கான பட்டியலிலிருந்து ஏன் நீக்கக் கூடாது?'

பத்தொன்பது பேர் கரையேறியதில் அவளுக்குச் சந்தோஷம்தான். அதற்காக அப்பாவை வேலை தெரியாதவர் என்பதா? சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் கோளாறைச் சொல்கிற ஆளை?

"உதிரிபாகம் தரலைன்னு ஆபீஸ் மேலயே திருப்பிவிடுவோம்ப்பா. நான் எழுதறேன், மூணு பக்கத்துக்கு."

"மூணு வரி போதும். வேலை தெரியலைன்னு எழுது."

"இருபத்தாறு வருஷ சர்வீஸ். இந்தப் பதவிக்குத்தானே காத்துக்கிட்டிருந்தீங்க?"

"எழுதும்மா."

துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்து, விரல் நீளத்துக்கு ஓர் இரும்புச் சாமானை மெமோவின் மேல் டக்கென்று வைத்தாள்.

"பையைப் பார்க்காம சட்டையைத் துவைக்கப் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மெஷினே உடைஞ்சிருக்கும். என்ன இது?"

"டீசல் போற வழியில இருக்கற சாமான். இது இல்லாம எஞ்சின் ஓடாது."

மகளின் பேனா நின்றது.

"எந்த எஞ்சினோட சாமான்ப்பா?"

"தண்ணி எடு" என்றார் அப்பா.

வாழ்க்கையில் முதல் தடவையாக, மறுபேச்சுப் பேசாமல் எழுந்துபோய் எடுத்து வந்தாள். பிறகு உட்கார்ந்து பதிலை எழுதினாள். இரண்டு வரி அப்பா சொன்னார். மூன்றாவதை அவளே சேர்த்தாள்.

'ஐயா, அந்த எஞ்சினைச் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை. பட்டியலிலிருந்து என் பெயரை நீக்குவதில் ஆட்சேபம் இல்லை. இனி வரப்போகும் படகுகளின் எஞ்சின்களும் எனக்குப் பிடிபடும் என்று தோன்றவில்லை.'