ஈ வராத கருவாடு

கப்பலில் வந்திறங்கிய கண்டெய்னரின் கதவைத் திறந்து, மேல் பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்துவிட்டு, சுங்க அதிகாரி பியூலா சும்மா நின்றார். உள்ளே நானூறு பெட்டி நெத்திலிக் கருவாடு. வெயில் மண்டையைப் பிளந்தது. பத்து நிமிடம் போயிற்று.

இறக்குமதியாளருக்காகச் சரக்கை எடுக்க வந்திருந்த ஏஜென்ட் கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை.

"பேப்பர் எல்லாம் பக்கா மேடம். லேப் சர்டிபிகேட்கூட இருக்கு. நாளைக்குக் காலைல ஊர்ல அத்தனை கடைக்கும் போயாகணும். யாருக்காகக் காத்திருக்கோம்? பெரிய ஆபீசர் யாராவது வர்றாரா?"

"ஈ வரணும், கோதண்டம்."

"என்னது?"

"நீங்க குடிச்சு வெச்ச டீ கிளாஸைப் பாருங்க, எத்தனை ஈ! பக்கத்துலயே கருவாடு திறந்து கிடக்கு. ஒண்ணுகூட உக்காரல. எந்த மருந்தை அடிச்சு அனுப்பினாங்களோ?"

கோதண்டம் சிரித்துப் பார்த்தார். "சர்டிபிகேட்டை விட்டுட்டு ஈயை நம்பறீங்களா மேடம்?"

"அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதான் நம்பறேன்." பியூலா பேனாவைத் திறந்தார். "சரி, நான் சொல்றது தப்பாவே இருக்கட்டும். உங்க வீட்டுச் சமையலுக்கு இதுல ரெண்டு கிலோ எடுத்துட்டுப் போவீங்களா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே விட்டுடறேன்."

கோதண்டத்தின் செல்போன் அடித்தது. திரையில் இறக்குமதியாளரின் பெயர். அவர் அதை எடுக்கவில்லை. திறந்திருந்த பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கண்டெய்னர் கதவை அவரே இழுத்துச் சாத்தினார்.