ஐந்தில் ஒரு விளக்கு

ஐந்து விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் எரிந்தது, அதுவும் சிவப்பாக.

லிஃப்ட் மெக்கானிக் மசாஜ் கன்னின் பொத்தானை மறுபடியும் அழுத்திப் பார்த்தார். மறுபடியும் ஒன்றுதான்.

அந்த மசாஜ் கன்னுக்கு வீட்டில் துப்பாக்கி என்று பெயர். ஓட்டக்காரி மகளின் தொடைத் தசையைத் தட்டித் தட்டி இளக்குவதற்காகப் போன வருடம் வாங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் செய்தித்தாளை விரித்து, அதைத் துடைத்து, சார்ஜ் போட்டு வைப்பது அவர் வேலை. ஓடுகிறவளைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

போன சனிக்கிழமை சார்ஜ் முழுதாக ஏறி ஐந்து விளக்கும் எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தார்.

"வலியே இல்லப்பா. ஒரு வாரமா துப்பாக்கி பக்கமே போகல, போதுமா?" என்று மகள் இன்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

நாளைக் காலை தேர்வு ஓட்டம். வயது வரம்பில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

கோச் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். போன தடவை கிழிந்த தசை ஆறாமல் ஓடி இன்னொரு தடவை கிழிந்தால், அதோடு ஓட்டத்துக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். வலி மிச்சமிருந்தால் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் சொல்லிவிடுங்கள், காத்திருக்கிற பெண்ணைச் சேர்த்துக்கொள்கிறேன்.

மணி நாலே முக்கால்.

அவர் துப்பாக்கியின் முனையில் இருந்த பெரிய உருண்டையைத் திருகி இழுத்துக் கழற்றினார். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை ஒட்டப் பிழிந்து துடைத்தார். துடைக்கத் துடைக்க நெஞ்சு எரிந்தது. வலிப்பதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டாளே.

இருபத்தாறு வருடமாக லிஃப்ட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். நான் எதையுமே தொடவில்லை என்று ஆட்கள் சத்தியம் செய்வார்கள். மெஷினைத் திறந்தால் அது உள்ளதைச் சொல்லிவிடும். ஆட்களைக் கேட்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

பக்கத்து அறையில் மனைவியின் தையல் மெஷின் கொஞ்சம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. பள்ளிச் சீருடை ஆர்டர். ஒரு மாதமாகவே இப்படித்தான், நாலு தையலுக்கு ஒரு ஓய்வு. மகளுக்கு இவளும் உடந்தை, அதனால்தான் வேலையில் மனசு ஒட்டவில்லை என்று அவர் முடிவு கட்டினார். ஊசியில் நூல் கோக்கக்கூட இப்போதெல்லாம் அவரைத்தான் கூப்பிடுகிறாள். கிழவி ஆயிட்டே என்று கேலி பேசியபடி, கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது.

போனை எடுத்தார். அவள் நாளை ஓட மாட்டாள், தொடை இன்னும் சரியாகவில்லை என்று கோச்சுக்கு எழுதி அனுப்பினார்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. நல்ல வேளை சொன்னீர்கள், பெயரை மாற்றிப் பட்டியலை அனுப்பிவிட்டேன்.

அழுவாள், ஒரு மாதம் பேச மாட்டாள். அழட்டும். கால் மிஞ்சும்.

தொட்ட வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, பின்பக்கம் காற்று போகிற சின்னச் சின்னத் துளைகளைத் தேய்த்தார். வாரா வாரம் அங்கே கொஞ்சம் தூசி சேரும். இன்று அடைத்துக்கொண்டிருந்தது. கவிழ்த்துத் தட்டினார்.

செய்தித்தாளில் பஞ்சு உதிர்ந்தது. நீலப் பஞ்சு.

மகள் ஓடப் போடுவதெல்லாம் சிவப்பு.

விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தார். இந்தப் பஞ்சை அவருக்குத் தெரியும். ஒரு மாதமாக மனைவியின் தலைமுடியில், கைகளில், தலையணையில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிற சீருடைத் துணியின் பஞ்சு.

பெட்டியின் அடியில் கையை விட்டார். உருண்டைக்குப் பதில் மாட்டுகிற கட்டைவிரல் அளவுக் குமிழ் ஒன்று, வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு, அங்கே கிடக்க வேண்டும். உறை பிரிந்திருந்தது. குமிழின் நுனி அழுக்கேறியிருந்தது. தொடைக்கு அது ஆகாது. உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் என்று கூட வந்த காகிதத்தில் இருந்ததை, வாங்கிய அன்று எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டியவர் அவர்தான்.

கோச்சை அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தார்.

தையல் மெஷின் நின்றது.

"என்னங்க, இந்த நூலைக் கொஞ்சம் கோத்துக் குடுங்களேன்."

எழுந்து போனார். புதுக் கண்ணாடி அவள் மூக்கில்தான் இருந்தது. நூலை இடது கையில் பிடித்திருந்தாள். வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது, விரல்கள் பாதி மடங்கி, விரிக்க முடியாமல். அவர் பார்ப்பதைக் கண்டதும் அதை நீலத் துணிக்குள் நுழைத்துக்கொண்டு, கண்ணாடி பவர் பத்தவில்லை என்பதுபோலச் சிரித்தாள்.

அவர் குனிந்து நூலை வாங்கினார். எதிரே திறந்திருந்த அறையில், மகள் மெல்லப் பாடிக்கொண்டே, நாளைய ஓட்டத்துக்கான எண் அட்டையைச் சிவப்புப் பனியனில் குத்திக்கொண்டிருந்தாள்.

ஊசியின் துளை எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை.