நிற்பதே வாக்கு

அட்டைப்பெட்டிகளால் நீச்சல்குளம் கட்டியிருந்தவனுக்கு வெற்றி ஏறக்குறைய உறுதியாகியிருந்தது.

"வாங்க, வாங்க! குதிக்க இன்னும் இடம் இருக்கு!" என்று கூடமே அதிரக் கூவினான். அந்தக் குழந்தைகள் இல்லத்தில் அவனுக்கு மைக் என்று பெயர்.

விதி எளியது. இல்லத்தைப் புதுப்பிக்க வந்த கட்டடக் கலைஞர், என்ன வேண்டுமென்பதை அங்கே வளரும் பிள்ளைகளே அட்டையில் செய்து காட்டட்டும் என்றிருந்தார். பிடித்ததன் முன்னால் போய் நிற்க வேண்டும், நிற்பதே வாக்கு. எதன் முன்னால் கூட்டம் அதிகமோ, அது மட்டுமே கட்டப்படும்.

குளத்தை அடுத்து ஒரு சறுக்குமரம், ஒரு மாடித் தோட்டம், செய்தவனுக்கே விளங்காத ஒரு ராக்கெட்.

கடைசி மூலையில் ஒரு கதவு.

கதவு மட்டும். சுவரில்லை, கூரையில்லை. ஃபிரிட்ஜ் வந்த பெட்டியை அறுத்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நிறுத்தி, உட்புறம் ஐஸ்குச்சியால் ஒரு தாழ்ப்பாளும் வைத்திருந்தாள், பிள்ளைகளில் மூத்தவள். எந்தக் கூட்டத்திலும் "எனக்கு எதுன்னாலும் சரி" என்பதற்கு மேல் பேசாதவள், இந்த ஒன்றுக்காக விரல்களில் பசை காயக் காய வேலை செய்திருந்தாள்.

"என்னக்கா, வீட்டை எங்கயோ மறந்து வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றான் மைக். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்குக் கதவை மடித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. போகவில்லை. கதவுக்குப் பின்னால் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

மைக் சும்மா இருப்பானா? தட்டினான்.

"யாரு?"

"நான்தான்."

"இப்ப முடியாது. அப்புறம் வா."

குளத்தின் உரிமையாளர் மறுபடி, மெல்லத் தட்டினார். பிறகு, சற்றுப் பணிவாக, "வரலாமாக்கா?" என்றார்.

ஐஸ்குச்சி நகர்ந்தது. உள்ளே போனவன், வெளியூர் போய்த் திரும்பிய முகத்தோடு வந்தான். "டேய், கேட்டாத்தான்டா திறக்குறாங்க!"

அதன்பின் வரிசையைத் தடுக்க ஆளில்லை. தலை சீவுவதாகச் சொல்லிச் சிலரைத் திருப்பி அனுப்பினாள்; படிப்பதாகச் சொல்லிச் சிலரை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகக் குஷியோடு மறுபடி வரிசையில் நின்றார்கள். ராக்கெட் அநாதையாகக் கிடந்தது.

கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்த காப்பாளரும் எப்படியோ வரிசைக்குள் சிக்கிக்கொண்டார். அவர் முறை வந்தபோது தட்டினார்.

"அழுதுட்டிருக்கேன் பெரியம்மா. கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க."

உள்ளிருந்த குரலில் சிரிப்புத்தான் இருந்தது. ஆனாலும் பெரியம்மா மறுபடி தட்டவில்லை. திரும்பி வரிசையின் கடைசிக்குப் போனார்.

அந்நேரம் பார்த்துக் கட்டடக் கலைஞர் விசிலடித்தார். "நேரம் முடிஞ்சது! நின்ன இடத்தைவிட்டு யாரும் நகரக் கூடாது!"

குளத்தின் முன்னால் மைக் கழற்றிப்போட்ட செருப்பு மட்டும் இருந்தது.

"அண்ணா, இது ஓட்டு இல்லண்ணா! விளையாடிட்டிருந்தோம்!" என்று வரிசையிலிருந்து கூவினான் மைக்.

"நிக்கிறீங்கள்ல?" என்றார் அவர். எண்ணத் தேவையே இருக்கவில்லை.

கதவு திறந்தது. முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தவளிடம், "எந்த ரூமுக்கும்மா வைக்கணும்? காட்டு, பார்க்கலாம்" என்றார்.

அவர் அதுவரை மாடிக்குப் போனதில்லை. அவள் அழைத்துப் போனாள். கூடமே பின்னால் போயிற்று.

நீண்ட நடையின் இருபுறமும் படுக்கையறைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு திரைச்சீலை. திரைச்சீலை மட்டும்.

மைக் முந்திக்கொண்டு ஓடி, ஓர் அறையின் முன்னால் நின்று, தட்டக் கையை ஓங்கினான். முட்டி துணிக்குள் புதைந்தது.

ஒரு கணம் யோசித்தான். பிறகு வாயாலேயே, மெதுவாகச் சொன்னான்.

"டொக், டொக்."