ரோஜாவைச் சுமந்த அகராதி

கல்யாணம் முடிந்த மறுநாள் திலகவதி தன் மாலையிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்து, தடித்த அகராதிக்குள் வைத்து மூடினாள். இடையில் வெறும் தாள் வைக்க மறந்துவிட்டாள். மேலே அம்மிக்குழவியை ஏற்றினாள். இருபத்திரண்டு நாள் அகராதி மூச்சுவிட முடியாமல் கிடந்தது.

காய்ந்த ரோஜா கண்ணாடி பிரேமுக்குள் போய்ச் சுவரில் ஏறியது. வந்தவர்களெல்லாம் அதைத்தான் பார்த்தார்கள். அகராதியின் மேல் காப்பி டம்ளரை வைத்தார்கள்.

"என் முதுகு ஒடிஞ்சுதான் நீ அழகானே. ஞாபகம் இருக்கா?" என்றது அகராதி.

"இருக்குண்ணே. ஆனா இங்கிருந்து பார்த்தா நீங்க ரொம்பச் சின்னதா தெரியறீங்க."

"வெயில் படட்டும், அப்புறம் பேசு."

ஒரு வருஷம் போனது. வெயில் பட்டு ரோஜா டீத்தூள் நிறத்துக்கு வந்தது. அகராதிக்கு வயிறு குளிர்ந்தது. மின்விசிறிக் காற்றில் அது தன்னை அகலத் திறந்துகொண்டது. ரோஜா கிடந்த பக்கத்தில் அதன் சிவப்பு அப்படியே ஒட்டியிருந்தது.

"அட, நிறமெல்லாம் இங்கதான் இருக்கா!" என்றாள் திலகவதி.

"நகர்ந்துக்கோடா, நானும் வர்றேன்" என்றது அகராதி, ரோஜாவிடம்.

திலகவதி அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து பிரேம் போட்டு மாட்டினாள். தாள் போன அகராதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள்.

"அது என் தாள்! என் தாள்!" என்று தராசிலிருந்து கத்தியது அகராதி.

சுவரிலிருந்து தாள் எட்டிப் பார்த்தது.

"யாருண்ணே அது? இங்கிருந்து பார்த்தா ரொம்பச் சின்னதா தெரியறீங்க."